50-ல் ‘ங்ங்ங்’னு ஒரு இரைச்சல்: கியர் பாக்ஸா, கிரவுனா, ஜாயின்ட்டா? பழைய டீசல் பிக்கப், உதவி வேணும்

மார்க்கெட்_பிக்கப் · திங்கள், இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். அப்பா வாங்கின வண்டி. 2009 மாடல் டீசல் பிக்கப், நாலு சிலிண்டர், அஞ்சு கியர், பின் சக்கர டிரைவ். மீட்டர் 2,40,000-ல நின்னு போச்சு, அதுக்கு மேல ஓடினதுக்குக் கணக்கு இல்ல. எந்தக் கம்பெனின்னு வேணும்னேதான் எழுதல. எழுதினா பேச்சு அந்தப் பக்கம் போயிடும்.

மூலனூர் பக்கம் முருங்கை, தக்காளி ஏத்தி விடியக்காலை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வருவேன். மத்தியானம் வீடு திரும்புவேன். மூணு மாசமா ஒரு சத்தம். 45 தாண்டினா ‘ங்ங்ங்’னு அடித்தொண்டையில முனகற மாதிரி ஆரம்பிக்குது, 55–60-ல காதே அடைக்குது, சீட்டுல கூடத் தெரியுது. 70-க்கு மேல போனா குறையுது. வண்டி சூடானாத்தான் வருது. காலையில வரும்போது சுத்தமா இல்ல, மத்தியானம் திரும்பும்போது மட்டும்தான்.

இது போக, கிளட்ச் விட்டு வண்டி நகரும்போது பின்னாடி ‘டக்’னு ஒரு அடி. நியூட்ரல்ல நிக்கும்போது ‘கரகர’ன்னு ஒரு சத்தம், கிளட்ச்ச மிதிச்சா அது நின்னுடும்.

மூணு பட்டறை பாத்தாச்சு. ஒருத்தர் கியர் பாக்ஸ் இறக்கணும்ங்கறார், 28,000 சொல்றார். இன்னொருத்தர் கிரவுன் பினியன்ங்கறார், அதாவது பின் ஆக்சில்ல சக்கரத்தச் சுத்த வைக்கற பல்லு ஜோடி. மூணாவது ஆள் வீல் பேரிங் மாத்தினார், 3,200 போச்சு, சத்தம் அப்படியே இருக்கு. மூணு பேர்ல யாரும் வண்டிய 2 கிலோமீட்டருக்கு மேல ஓட்டிப் பாக்கல. எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்கண்ணே.

மலைரோடு_லோடு · திங்கள், இரவு 9:50

சந்தேகமே வேணாம் தம்பி, கியர் பாக்ஸ்தான். கிளட்ச் மிதிச்சா நிக்குதுன்னா பாக்ஸுக்குள்ள என்ஜின்ல இருந்து சுத்து வாங்கற டாப் ஷாஃப்ட், பக்கத்துல கூடவே சுத்தற லே ஷாஃப்ட், இந்த ரெண்டுல ஒண்ணோட பேரிங். சூடானா ஆயில் தண்ணி மாதிரி ஆயிடும், தேஞ்ச பேரிங் அப்பத்தான் கத்தும். காலையில ஆயில் கெட்டியா இருக்கறதால அமுங்கிக் கிடக்கு. நான் வால்பாறை ரோட்டுல 11 வருஷம் ஓட்டினவன், என் வண்டிக்கு இதேதான் ஆச்சு. இறக்கிப் பாத்துடுங்க, லேட் பண்ணினா பல்லும் போயிடும்.

பழைய_ஸ்பேனர் · திங்கள், இரவு 11:05

அவசரப்பட வேண்டாம். பஸ் டெப்போவில் முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை வைத்துத் தேடினால் ஏமாந்து போவீர்கள். கியர் பாக்ஸ், அங்கிருந்து பின்னால் போகும் ஷாஃப்ட், கிரவுன் பினியன் இருக்கும் ஹவுசிங் எல்லாம் ஒரே சேஸிஸில் தொங்குகின்றன. பின்னால் கத்துவது முன்னால் கேட்கும். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று மட்டும் பிரித்துப் பாருங்கள்.

நீங்கள் எழுதியதில் மூன்று சத்தம் இருக்கிறது. மூன்றுக்கும் ஒரே காரணம் என்று யார் சொன்னது?

முதலில் வண்டி நின்ற இடத்தில். என்ஜின் ஓடட்டும், நியூட்ரல், கால் கிளட்ச்சில் இல்லை. இப்போது டாப் ஷாஃப்டும் லே ஷாஃப்டும் சுற்றிக்கொண்டிருக்கும். கிளட்சை முழுக்க மிதித்தால் இரண்டும் நின்றுவிடும், கிளட்சைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்குக்கு வேலை வரும். மிதித்தபோது புதிதாகச் சத்தம் பிறந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்தபடியே முதல் கியர் போட்டு நிறுத்தினால் ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் வேலை செய்யும். அங்கே கீச்சென்றால் அது. ஐந்து நிமிட வேலை, ஸ்பேனரே தேவையில்லை.

அப்புறம் ரோட்டில். ஒரே வேகம், 55 வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று மூன்று கியரிலும் அதே 55-ல் ஓட்டுங்கள். சத்தம் மாறுகிறதா பாருங்கள். கடைசியாக, ஆள் இல்லாத சமதள ரோட்டில் 60-ல் நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடுங்கள். என்ஜினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவம் என்ஜின் ஓடினால்தான் வரும்.

முடித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை ஒரு போல்டையும் கழற்றாதீர்கள்.

வடக்கு_கெப் · செவ்வாய், காலை 6:32

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட பக்கம் இந்த வாகனத்தைக் கெப் எண்டுதான் சொல்லுறது. என்ரயும் பழசு, 1990 ஜப்பான் கெப், ஐஞ்சு கியர்.

அண்ணை சொன்ன கியர் மாத்திப் பாக்கிற விசயம் வலு முக்கியம். எனக்கு ஒண்டாம், ரெண்டாம், மூண்டாம், ஐஞ்சாம் கியரில உறுமும், நாலாம் கியரில மட்டும் பூனை மாதிரிப் போகும். பிறகுதான் விளங்கினது, இப்பிடியான பொக்ஸில நாலாம் கியர் நேர்ச் சுத்து. டொப் ஷாப்டும் பின்னால வெளிய போற மெயின் ஷாப்டும் ஒண்டாப் பூட்டிக்கொள்ளும், லே ஷாப்ட் சும்மா சுத்துமே தவிர பாரம் சுமக்காது. மற்றக் கியர் எல்லாம் லே ஷாப்டைச் சுத்தித்தான் போகவேணும். சீலுக்கால ஒயில் ஒழுகினதைக் கவனிக்காமல் விட்டு லே ஷாப்ட் பெயாரிங் போயிருந்தது. ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி போகும் வரைக்கும் நாலாம் கியரிலயே ஓடிப் போனனான்.

உங்கட வாகனத்தில நாலாம் கியரில சத்தம் குறைஞ்சால் பொக்ஸ். குறையாட்டி பொக்ஸைத் தொடாதேங்கோ.

மார்க்கெட்_பிக்கப் · புதன், இரவு 8:20

ஐயா சொன்ன மாதிரியே செஞ்சேன். தாராபுரம் ரோட்டுல மத்தியானம் வண்டி குறைவா இருந்த நேரம்.

நின்ன இடத்துல: நியூட்ரல்ல கரகர, மிதிச்சா நிக்குது. மிதிச்சதும் புதுச் சத்தம் எதுவும் இல்ல. முதல் கியர் போட்டு மிதிச்சு நிறுத்தினாலும் அமைதி.

ரோட்டுல: 55-ல மூணு, நாலு, அஞ்சு எல்லாத்துலயும் அதே ‘ங்ங்ங்’. நாலாவதுல கொஞ்சம் கூடுதலா இருந்த மாதிரி பட்டுது, குறையல. நியூட்ரல்ல உருள விட்டேன், என்ஜின் ஐடில்ல. சத்தம் அப்படியேதான் இருந்தது! 45-க்குக் கீழ இறங்கினதும் போச்சு. ஆக்சிலரேட்டர் மிதிச்சாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்ல.

பேரிங்_கடை · புதன், இரவு 9:02

அப்ப இரைச்சல் கியர் பாக்ஸுக்குப் பின்னாடிதான். 28,000 மிச்சம்.

அந்தக் கரகரவைப் பத்தி ஒண்ணு சொல்றேன். பழைய டீசல்ல ஐடிலிங் கம்மியா வச்சிருந்தா ஒவ்வொரு சிலிண்டர் அடிக்கும் போதும் கியர் பாக்ஸ்ல லோடு இல்லாத பல்லுங்க ஒண்ணோட ஒண்ணு தட்டிக்கும். கிளட்ச் பிளேட்டுல இருக்கற ஸ்பிரிங் தளர்ந்துட்டா இன்னும் ஜாஸ்தி. பேரிங் போன சத்தம் மாதிரியே இருக்கும். ஐடிலிங்க ஒரு நூறு, நூத்தைம்பது ஆர்பிஎம் ஏத்திப் பாருங்க. கரகர மறைஞ்சா அது பல்லு தட்டற சத்தம். மறையாம, வேகம் ஏற ஏற தானும் ஏறினா பேரிங்.

வீல் பேரிங் மாத்தினவர் வளைவுல ஓட்டிப் பாத்தாரா? இடது பக்கம் திரும்பினா பாரம் வலது சக்கரத்துல விழும். அப்ப சத்தம் ஏறினா வலது பேரிங். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறலன்னா பேரிங் இல்ல. என் கடையில விக்கற சாமான்தான், ஆனாலும் சொல்றேன், சும்மா சும்மா மாத்தாதீங்க.

டயரையும் ஒரு பார்வை பாருங்க. ஏணிப்படி மாதிரி தேஞ்ச பட்டன் டயர் இதே மாதிரி முனகும். ஆனா தார் ரோட்டுல ஒரு குரல், சிமெண்ட் ரோட்டுல ஒரு குரல்னு மாறும்.

மலைரோடு_லோடு · புதன், இரவு 9:30

சரி, பாக்ஸ் இல்லன்னு ஒத்துக்கறேன். அப்ப ஹவுசிங். பினியன் நட்டு லூசா இருக்கும். ஒரு கால் சுத்து டைட் வச்சுப் பாருங்க, ‘டக்’கும் போயிடும்.

பழைய_ஸ்பேனர் · புதன், இரவு 10:15

தயவுசெய்து அந்த நட்டைத் தொடாதீர்கள். பல ஹவுசிங்குகளில் இரண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவில் நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். அந்த நட்டு எவ்வளவு இறுகியிருக்கிறதோ அதுதான் பேரிங்கின் அழுத்தம். கால் சுற்று கூடுதலாக இறுக்கினால் ஸ்லீவ் மேலும் நசுங்கிவிடும், திரும்ப விரியாது. பேரிங் சூடேறி நீலம் பாயும். அதற்கப்புறம் நிஜமாகவே கிரவுன் பினியன் வாங்க வேண்டியிருக்கும். இதைச் செய்து வண்டி நடுரோட்டில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கிரவுன் சத்தம் பெரும்பாலும் ஆக்சிலரேட்டருக்குக் கட்டுப்படும். மிதித்தால் ஒரு சுருதி, விட்டால் ஒரு சுருதி. தம்பி இரண்டிலும் ஒன்றுதான் என்கிறார். எனக்கு ஹவுசிங் மேல் சந்தேகம் குறைகிறது.

லேத்_பட்டறை_கோவை · வியாழன், காலை 7:10

சுருதின்னு பெரியவரு சொன்னதும் எனக்கு ஒண்ணு தோணுச்சுங்க. சத்தத்த எண்ணிப் பாத்தர்லாமுங்க. போன்ல சத்தத்தோட அதிர்வெண் காட்டற ஆப் இலவசமாவே கெடைக்குது. எந்தப் பாகம் நொடிக்கு எத்தன தடவ சுத்துதுன்னு கணக்குப் போட்டு, போன் காட்டறதோட ஒப்பிட்டுப் பாத்தா ஆளு மாட்டிக்குவான்.

மொதல்ல ரெண்டு அளவு வேணுமுங்க. பின் டயர்ல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு, வண்டிய ஒரு முழுச் சுத்து தள்ளி தரையில அளங்க. அடுத்தது ஹவுசிங் ரேஷியோ, அதாவது கிரவுன் ஒரு சுத்துக்கு ஷாஃப்ட் எத்தன சுத்துன்னு. பல்லு எண்ணிக்க ஹவுசிங்லயோ தகட்டுலயோ அடிச்சிருக்கும். இல்லைன்னா ஒரு பின் சக்கரத்த மட்டும் தூக்கி, நியூட்ரல்ல அத ரெண்டு சுத்து சுத்துங்க. இன்னொரு சக்கரம் தரையில நிக்கறதால கிரவுன் ஒரு சுத்துதான் சுத்தும். அதுக்குள்ள ஷாஃப்ட் எத்தன சுத்துன்னு ஒருத்தரு எண்ணோணும். முன் சக்கரத்துக்குக் கட்டை, ஆக்சிலுக்கு ஸ்டாண்டு, ரெண்டும் கட்டாயமுங்க.

அப்பறம் 40, 50, 60-ல ரெக்கார்ட் பண்ணுங்க. மீட்டர நம்பாம ஜிபிஎஸ் வேகத்த எடுத்துக்குங்க. போன தரையோட ஒட்டி வைங்க. ஓட்டறது நீங்க, போன் பாக்கறது பக்கத்துல ஒக்காந்தவரு. நாலாவது கியர மட்டும் விட்டுட்டு மத்ததுல ரெக்கார்ட் பண்ணுங்க. காரணத்தக் கணக்கு வந்ததும் சொல்றனுங்க.

மார்க்கெட்_பிக்கப் · வெள்ளி, இரவு 9:41

அண்ணா, எல்லாம் செஞ்சாச்சு. மச்சான பக்கத்துல உக்கார வச்சேன்.

டயர் ஒரு சுத்துக்கு 2.18 மீட்டர். ஹவுசிங்ல 10/41-னு அடிச்சிருக்கு. சுத்தியும் பாத்தேன், நாலு சுத்துக்குக் கொஞ்சம் மேல வருது.

அஞ்சாவது கியர்லயும் நியூட்ரல்லயும் ரெக்கார்ட் பண்ணினோம். எல்லாத்தையும் விட உயரமா நின்ன கோடு 40-ல 42 ஹெர்ட்ஸ், 50-ல 52, 60-ல 63. கியர் மாத்தினாலும் அந்தக் கோடு நகரல.

இன்னொண்ணு, ஐடிலிங் கொஞ்சம் ஏத்தினதும் கரகர மறைஞ்சே போச்சு. வளைவுல ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தேன், சத்தம் மாறல. சிமெண்ட் ரோட்டுலயும் அதே குரல்தான்.

லேத்_பட்டறை_கோவை · வெள்ளி, இரவு 10:30

அருமையான வேலைங்க! கணக்கப் பாருங்க.

60-ங்கறது நொடிக்கு 16.67 மீட்டர். 2.18-ஆல வகுத்தா சக்கரம் நொடிக்கு 7.65 சுத்து. வீல் பேரிங்கோ டயரோ முனகுனா அந்தக் கணக்குலதான் வரோணும். 41-அ 10-ஆல வகுத்தா வர்ற 4.1-ஆல பெருக்குனா ஷாஃப்ட் நொடிக்கு 31.4 சுத்து. கிரவுன் பல்லு 41, அதனால பல்லு ஒரசற சத்தம் 7.65 பெருக்கல் 41, ஏறக்குறைய 313 ஹெர்ட்ஸ். அது முனகலா இருக்காது, ‘உய்ய்’னு கூவற சத்தமா இருக்கும்.

உங்க போன் காட்டறது 63. ஷாஃப்ட் வேகத்துக்குச் சரியா ரெண்டு மடங்கு. 40-க்கும் 50-க்கும் போட்டுப் பாருங்க, 41.8, 52.2 வரும். ஷாஃப்ட் பேலன்ஸ் போயிருந்தா ஒரு சுத்துக்கு ஒரு ஆட்டம், அதாவது 31. ஒரு சுத்துக்கு ரெண்டு ஆட்டம்னா அது ஷாஃப்ட் முனையில வளஞ்ச கோணத்துலயும் சுத்த விடற கிராஸ் ஜாயின்ட்டோட கையெழுத்துங்க.

நாலாவது கியர் ஏன் வேண்டாம்னனா, அது நேர்ச் சுத்து. என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகம். நாலு சிலிண்டர் என்ஜின் ஒரு சுத்துக்கு ரெண்டு தடவ வெடிக்கும். அதுவும் 63-லயே வந்து ஒக்காந்துக்கும், எது எதுன்னு பிரிக்க முடியாது. நாலாவதுல சத்தம் கூடுதலா இருக்குதுன்னு நீங்க புதன்கிழமை எழுதினதுக்கும் இதுதான் காரணமா இருக்கோணும். ரெண்டும் ஒண்ணா சேந்துக்குதுங்க.

எனக்கு இதுல புரியாதது ஒண்ணே ஒண்ணுதானுங்க. கிராஸுக்கு சூடு என்னங்க பண்ணும்? காலையில ஏன் வரல?

பழைய_ஸ்பேனர் · சனி, காலை 5:55

நேற்று இரவு முழுக்க அதே கேள்விதான் எனக்கும். முதல் பதிவை மறுபடி படித்தேன். தம்பி, காலையில் மார்க்கெட்டுக்கு வரும்போது வண்டியில் லோடு. மத்தியானம் திரும்பும்போது?

மார்க்கெட்_பிக்கப் · சனி, காலை 6:20

காலி வண்டிதான் ஐயா. வெறும் கூடைங்க மட்டும்.

பழைய_ஸ்பேனர் · சனி, காலை 6:31

அப்படியானால் இது சூட்டுக்கு வருகிற சத்தமா, காலி வண்டிக்கு வருகிற சத்தமா? இரண்டையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம், பிரிக்கவில்லை. நானும்தான். நாளை விடிகாலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே காலியாக ஓட்டிப் பாருங்கள். கூடவே இன்னொன்று சொல்லுங்கள்: சத்தம் தொடங்கும் முன் பின்பக்கம் ஏதாவது வேலை செய்தீர்களா? பட்டை, அதாவது பின் லீஃப் ஸ்பிரிங்கில் ஏதாவது?

மார்க்கெட்_பிக்கப் · ஞாயிறு, காலை 7:48

ஐயா, அஞ்சரைக்கு எடுத்தேன். பானட் ஜில்லுனு இருந்தது. காலி வண்டி. ரெண்டாவது கிலோமீட்டர்லயே 50-ல ‘ங்ங்ங்’. சூடும் இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு மாசமா நானே தப்பா நம்பி எல்லார்கிட்டயும் அதையே சொல்லிட்டு இருந்திருக்கேன்.

ஆமா, பட்டை வேலை செஞ்சேன். தக்காளி சீசன்ல பின்பக்கம் ரொம்ப உக்காருதுன்னு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டை சேத்துப் போட்டேன். அதுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும்னு கனவுலயும் நெனைக்கல, அதான் எழுதல. வேலை முடிஞ்சதும் காலியில வண்டி பின்பக்கம் தூக்கிட்டு நின்னுச்சு.

லேத்_பட்டறை_கோவை · ஞாயிறு, காலை 9:15

கெடச்சிருச்சுங்க. கொஞ்சம் நீளமா எழுதறன், பொறுத்துக்குங்க. இது ரொம்பப் பேருக்குத் தெரியாமயே ஜாயின்ட்டா மாத்தி மாத்திக் காசு போகற எடம்.

கிராஸ் ஜாயின்ட் வளஞ்ச கோணத்துல சுத்தும்போது, உள்ள போற வேகம் சீரா இருந்தாலும் வெளிய வர்ற வேகம் சீரா இருக்காது. ஒரு சுத்துக்குள்ள ரெண்டு தடவ முந்தும், ரெண்டு தடவ பிந்தும். கோணம் 3 டிகிரின்னா அந்த ஏற்ற எறக்கம் நூத்துல 0.14 பங்குதான், தெரியாது. 8 டிகிரின்னா நூத்துல 1 பங்கு. கோணம் ரெண்டு மடங்கு ஆனா ஆட்டம் நாலு மடங்குங்க. இதத் தடுக்கத்தான் ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் ஒரே அளவு கோணம் வச்சிருப்பாங்க. ஒண்ணு முந்துனா இன்னொண்ணு பிந்தும், சரியாப் போயிடும். கோணம் ஒண்ணுக்கொண்ணு மாறிட்டா மிச்சம் இருக்கற ஆட்டம் சேஸிஸுக்குப் போகும்.

பட்டை சேத்ததும் காலி வண்டியில பாடி மேல போயிருச்சு, ஹவுசிங் அங்கயே நிக்குது. ரெண்டு துண்டு ஷாஃப்ட்ல பின் துண்டு, அதான் பின் ஷாஃப்ட், முன்னைவிட அதிகமாச் சரிஞ்சுருச்சு. லோடு ஏத்துனா பாடி எறங்குது, கோணம் பழையபடி ஆகுது, சத்தம் போயிடுது. உங்க காலையும் மத்தியானமும் இதுதானுங்க.

வண்டிய சமதரையில, காலியா, நாலு சக்கரமும் தரையில நிக்கற மாதிரியே வச்சு அளங்க. ஜாக்கியில தூக்குனா பட்டை தொங்கி எல்லாக் கோணமும் பொய்யாயிடும். பள்ளம் இருக்கற பட்டறை, இல்லைன்னா நாலு சக்கரமும் ஏறி நிக்கற சாய்தளம். போன்ல கோணம் காட்டற ஆப் போதுமுங்க. கியர் பாக்ஸ் பின் முனை, முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் முனை, நாலையும் குறிச்சுக்குங்க.

அதுக்கு முன்னாடி, நடுவுல ஸ்பிளைன்ல, அதாவது பல்லு வெட்டின முனையில, கழட்டிப் பூட்டற எடத்துல பாருங்க. பின் ஷாஃப்டோட ரெண்டு முனையிலயும் கிராஸ் ஒக்கார்ற காது ஒரே கோட்டுல இருக்கோணும். அம்புக்குறி ரெண்டும் நேர் நேரா வரும். ஒரு பல்லு தள்ளிப் பூட்டியிருந்தாலும் இதே சத்தம் வரும்ங்க. ஷாஃப்ட்ட நடுவுல தாங்கற சென்டர் பேரிங் ரப்பரக் கம்பியால நெம்பிப் பாருங்க. கிராஸ் மூடியச் சுத்தி செம்பழுப்பாத் தூள் படிஞ்சிருந்தா உள்ள ஊசி பேரிங் கிரீஸ் இல்லாம காஞ்சு போச்சுன்னு அர்த்தம்.

மார்க்கெட்_பிக்கப் · செவ்வாய், இரவு 8:55

அளந்தாச்சு. எல்லாமே பின்பக்கம் கீழ சரியற கோணம்:

கியர் பாக்ஸ் 4, முன் ஷாஃப்ட் 5, பின் ஷாஃப்ட் 11, பினியன் 3.

அம்புக்குறி நேரா இருக்கு. சென்டர் பேரிங் ரப்பர் பாதிக்கு மேல கிழிஞ்சிருக்கு, விரலே உள்ள போகுது. பின் கிராஸ்ல ஒரு மூடியில நீங்க சொன்ன அதே செம்பழுப்புத் தூள். ஸ்பிளைன் காஞ்சு கிடந்தது, கையால ஆட்டினா ‘டக்’, அந்தச் சத்தமும் இங்கதான்.

லேத்_பட்டறை_கோவை · செவ்வாய், இரவு 9:20

மொதல் ஜாயின்ட் 1 டிகிரி, அது பரவால்ல. நடு ஜாயின்ட் 11 கழித்தல் 5, அதாவது 6. பின் ஜாயின்ட் 11 கழித்தல் 3, அதாவது 8. ரெண்டும் சமமா இல்ல. 8-இன் வர்க்கம் 64, 6-இன் வர்க்கம் 36, வித்தியாசம் 28, வர்க்கமூலம் 5.3. அத்தன டிகிரியில ஒரே ஒரு ஜாயின்ட் சுத்துனா எப்படி ஆடுமோ அப்படி ஆடுது. இது 3-க்குள்ள இருந்தா நல்லதும்பாங்க. ரப்பரும் அந்த ஆட்டத்துலயே கிழிஞ்சிருக்கோணும். கிழிஞ்சதும் ஆட்டம் இன்னும் கூடியிருக்கும்.

பட்டை ஒண்ண எடுங்க, ரப்பரோட சென்டர் பேரிங் மாத்துங்க, பின் கிராஸ் மாத்துங்க, ஸ்பிளைனுக்கு கிரீஸ். மறுபடி அளந்துட்டு, பினியன் மூக்கு தூக்கோணும்னா பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவுல ஆப்பு வச்சுக்கலாமுங்க.

மலைரோடு_லோடு · செவ்வாய், இரவு 9:44

கணக்கு சரிதான் அண்ணே. ஆனா பட்டைய எடுங்கன்னு சுலபமா சொல்லிட்டீங்க. தக்காளி விலை இறங்கின நாள்ல கூடை கூடுதலா ஏத்தினாத்தான் டீசல் காசாவது மிஞ்சும். பட்டை இல்லாம அவர் எப்படி ஓட்டுவார்?

பழைய_ஸ்பேனர் · செவ்வாய், இரவு 10:40

உங்கள் கஷ்டம் தெரியாமல் சொல்லவில்லை. ஆனால் பட்டை சேர்த்ததால் வண்டி அதிகம் தாங்கும் என்று ஆகிவிடாது. பிரேக் அதே பிரேக்தான். ஆக்சில், ரிம், டயர் எல்லாம் கம்பெனி எவ்வளவு என்று எழுதியதோ அவ்வளவுக்குத்தான். பாச்சலூர் மலையில் கூடுதல் லோடோடு இறங்கும்போது பட்டை வந்து பிடிக்காது. வண்டியைப் பின்பக்கம் தூக்கி நிற்க வைத்துவிட்டு, பாரம் தாங்குகிறது என்று நம்பவைப்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

தாங்குகிற அளவுக்குள்ளேயே பின்பக்கம் உட்காருகிறது என்றால் பழைய பட்டை செட் தளர்ந்திருக்கிறது. பட்டை அடிக்கும் இடத்தில் கொடுத்து வளைவு ஏற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் மேலே ஹெல்பர் பட்டை போடலாம். அது காலி வண்டியில் எதையும் தொடாது, லோடு ஏறிய பிறகுதான் தாங்கும். காலியில் உயரம் மாறாது, ஷாஃப்ட் கோணமும் கெடாது.

மார்க்கெட்_பிக்கப் · அடுத்த திங்கள், இரவு 9:30

முடிஞ்சுது.

சேத்த பட்டை ரெண்டையும் எடுத்துட்டேன். பழைய செட்டத் திண்டுக்கல்ல கொடுத்து வளைவு ஏத்தி, மேல ஹெல்பர் போட்டாச்சு. சென்டர் பேரிங், பின் கிராஸ் புதுசு. கழட்டும் முன்னாடி ஷாஃப்ட்ல உளியால குறி வச்சுத்தான் கழட்டினோம். அளந்தா பின் ஷாஃப்ட் 9-க்கு வந்திருந்தது. நடு ஜாயின்ட் 4, பின் ஜாயின்ட் 6. கோவை அண்ணா கணக்குப்படி 4.5, இன்னும் கொஞ்சம் முனகல் இருந்தது. 2 டிகிரி ஆப்பு கடைஞ்சு வச்சோம், மூக்கு மேல பாத்த மாதிரி. இப்ப பினியன் 5, பின் ஜாயின்ட் 4. ரெண்டும் சமம்.

நேத்து காலி வண்டியில திண்டுக்கல் நாலு வழிச்சாலையில 60, 65, 70 போனேன். அப்பாவையும் கூட்டிட்டுப் போனேன். அவர் வண்டி வாங்கின புதுசுல இப்படித்தான் இருந்ததுன்னாரு. போன்ல அந்த 63 கோடு தேடிப் பிடிக்க வேண்டியதா இருந்தது. லோடு ஏத்தியும் ஓட்டிட்டேன், அதுலயும் எதுவும் இல்ல. ‘டக்’ போயிடுச்சு.

மொத்தம் 28,000-ல பாதி கூட ஆகல. கியர் பாக்ஸைத் திறக்கவே இல்ல, ஆயில் மட்டும் மாத்தினேன். வடிச்ச ஆயில்ல பித்தளை கலர்ல லேசா மினுமினுப்பு இருந்தது, அது பரவாயில்லையா ஐயா?

பழைய_ஸ்பேனர் · அடுத்த திங்கள், இரவு 10:02

மாவு போல் மினுமினுத்தால், கியர் மாறும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையம் தேய்கிறது, அது வயசுக்கு வருவது. விரலில் உரசினால் குத்துகிற மாதிரி இரும்புச் செதில் வந்தால்தான் கவலை. ஊற்றியது எந்த ஆயில் என்று டப்பாவைப் பாருங்கள். கியர் பாக்ஸுக்குக் கையேடு ஜிஎல்-4 தர ஆயில் என்று சொல்லியிருந்தால் அதுவே இருக்கட்டும். ஹவுசிங்குக்கு ஊற்றும் ஜிஎல்-5 ஆயிலில் இருக்கும் கந்தகக் கலவை சில சமயம் பித்தளையை அரிக்கும். இரண்டும் 90 ஆயில்தானே என்று ஒரே கேனிலிருந்து ஊற்றிவிடுகிறார்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டையை ஆக்சிலோடு பிடிக்கும் யு போல்டை மறுபடி டைட் வையுங்கள். ஆப்பு வைத்த இடம் உட்கார்ந்து தளரும். இதை மறக்கவே கூடாது.

வடக்கு_கெப் · அடுத்த செவ்வாய், காலை 6:15

இந்த இழையை ஒண்டும் விடாமல் வாசிச்சன். என்ர கெப்பிலயும் காலியா ஓடேக்க 70-ல ஒரு நடுக்கம் இருக்கு, ரயர் எண்டு நினைச்சு விட்டிட்டன். நாலு வருசத்துக்கு முன்னம் பின் பக்கம் உயர்த்தினது இப்பதான் ஞாபகம் வருது. இண்டைக்குப் பின்னேரம் கீழ படுத்து அளக்கப்போறன்.

மார்க்கெட்_பிக்கப் · அடுத்த செவ்வாய், காலை 6:40

அண்ணே, சமதரையில நிறுத்தி, முன்னாடி பின்னாடி கட்டை வச்சுட்டுப் படுங்க. நாலு கோணத்தையும் எழுதுங்க, சேந்து கணக்குப் போடலாம். காலியாவும் அளங்க, லோடு ஏத்தியும் ஒரு தடவை அளங்க.